குதிரையைத் தொடாதவர்

"தின்னு," என்றாள் ஆரிபா. "ஏன் பாத்துக்கினே இருக்க? உனுக்குதான் வெச்சேன். தின்னு."

நான் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மூலைக் கம்ப்யூட்டர் முன்னால் அவளைத் தவிர ஒருத்தரும் இல்லை. முகத்திரையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து, அடம் பிடிக்கும் பிள்ளைக்குச் சோறூட்டுகிறவளைப் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்புச் சிப்பாய் நகர்ந்து அவளுடைய வெள்ளைக் குதிரையைத் தின்றது. ஆரிபாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. குதிரை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் பிரவுசிங் சென்டர், பொன்னேரி ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் எங்கள் வீட்டின் முன்னறைதான். என் வீட்டுக்காரர் வரதனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பகலெல்லாம் தூங்கும் புருஷனை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம்தான் சத்தம் வராமல் பாத்திரம் கழுவுவது என்று ஆரம்பித்த சென்டர் இது. நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒட்டுக்கேட்பது என் பழக்கம் இல்லை. அறை அவ்வளவு சின்னது, காது தானாகக் கேட்டுக்கொள்கிறது. கண்ணும் அப்படித்தான். இந்தத் தெருவில் யார் பிள்ளைக்கு எந்தக் கம்பெனியில் இன்டர்வியூ, யார் வீட்டுப் பெண்ணின் போட்டோ எந்த மாப்பிள்ளைக்குப் போயிருக்கிறது, துபாயிலிருந்து யார் இந்தப் பெருநாளுக்கும் வரப்போவதில்லை என்பதெல்லாம் சம்பந்தப்பட்ட வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நானாகப் போய் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன். கேட்காதவர்களைக் கேட்க வைக்கிற மாதிரி பேச்சைக் கொண்டுபோவேன், அவ்வளவுதான்.

ஆரிபா எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் இரண்டு வீடு தள்ளி வாழ வந்தவள். புகுந்த வீட்டார் பழவேற்காட்டுக்காரர்கள். பொன்னேரி பஜாரில் வலை நூலும் தூண்டில் முள்ளும் விற்கும் கடை. புருஷன் ஷாகிர் அபுதாபியில் ஏதோ கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவரை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். அவர் கும்மிடிப்பூண்டி வேலைக்கு லோக்கல் ரயிலில் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், மடியில் காந்தம் வைத்த சின்ன செஸ் போர்டை வைத்துக்கொண்டு, கவரைப்பேட்டையில் யாராவது இறங்கும்போதுகூடத் தலை நிமிராமல் ஆடுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும். சும்மா வருகிற எதையும் தொடமாட்டார். சென்டர் திறந்த அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். எல்லோரும் இரண்டு இரண்டாக அள்ளிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் தட்டைப் பார்த்து, "எதுக்குக்கா இது?" என்று கேட்டு, பதில் சரியாக இருந்த பிறகுதான் கையை நீட்டினார். வாப்பா தன் கடையையே எடுத்துக்கொள் என்றபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். இவ்வளவு சந்தேகத்தோடு ஒரு மனுஷன் எப்படிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தான் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கல்யாணம் ஆன புதிதில் அந்தக் காந்தப் போர்டை வைத்துத்தான் ஆரிபாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். காய் வைக்கும்போது 'டிக்' என்று மெல்லிய சத்தம்தான் வரும், அடுத்த அறைக்குக் கேட்காது. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு செஸ் ஆடினார்கள் என்றால் அந்த வீட்டில் யார் நம்புவார்கள்? ஷாகிர் எப்போதும் கோட்டை கட்டி உள்ளே உட்கார்ந்துகொள்கிற ஆட்டக்காரர். ஆரிபாவுக்கு உட்காரவே தெரியாது. கையில் இருப்பதையெல்லாம் வாசலில் போட்டுவிட்டுக் கதவை உடைக்கப் போகிறவள். தன் குதிரையை அவருடைய சிப்பாய் வாயில் கொண்டுபோய் நிறுத்துவாளாம். சிப்பாய் அதைத் தின்றால் ஓரத்துப் பாதை திறக்கும். பின்னால் காத்திருக்கும் யானை நேராக ராஜாவின் வீட்டுக்குள் வந்துவிடும். ஷாகிர் அந்தக் குதிரையைத் தொட்டதே இல்லையாம். "நீ சும்மா குடுக்குற ஆளா?" என்று கேட்டுவிட்டு வேறு எதையாவது நகர்த்துவாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் கழுத்து வரைக்கும் சிவப்பாள். செஸ்ஸுக்கு எதற்குச் சிவக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கல்யாணம் ஆனதுதானே.

அவர் போன பிறகு ஆட்டம் மெயிலில் தொடர்ந்தது. ஒரு நாளைக்கு இவள் ஒரு மூவ் அனுப்புவாள், மறுநாள் அவர் ஒரு மூவ். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் போன் பண்ணுவார்தான். ஆனால் போன் இருப்பது ஹாலில். உம்மா பேசி, வாப்பா பேசி, வந்திருக்கும் விருந்தாளி பேசி, ரிசீவர் ஆரிபாவின் கைக்கு வரும்போது அவர் வாங்கிய போன் கார்டு தீரும் நேரமாகியிருக்கும். "சுகமா?" "சுகம்." வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன பேசிவிட முடியும்? ஆக, அவளுக்கும் அவருக்கும் நடுவில் நாலு சுவர் உள்ள இடம் என்று இருந்தது அந்த அறுபத்து நாலு கட்டம் மட்டும்தான். அதற்குள்ளும் நான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஆரம்பத்தில் மூவோடு இரண்டு வரியும் வரும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். 'உன் பிஷப்பைப் பார்த்தாலே பேஜாரா இருக்கு.' 'இங்கே மீன் கிடைக்குது, இறால் உன் கை மாதிரி இல்லை.' அதை ஆரிபா சாமான்யத்தில் மூடமாட்டாள். அரை மணிக்குக் குறைவாக யார் உட்கார்ந்தாலும் அரை மணிக்குத்தான் காசு என்பது என் சென்டரின் சட்டம். மெயில் வேலை சட்டென்று முடிந்துவிடும். மிச்ச நேரத்தை விட்டுவிட்டுப் போக வாழத் தெரிந்த பெண்ணுக்கு மனசு வருமா? கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தவன் அதில் சும்மா ஏற்றிவிட்டுப் போயிருந்த ஒரு செஸ் விளையாட்டு இருந்தது. அதோடு ஆட ஆரம்பித்தாள். முதலில் தோற்றாள். அப்புறம் ஒரு நாள் அதற்கு வாயைத் திறக்கச் சொல்லிக் குதிரையை ஊட்டினாள். அந்த நாளைத்தான் முதலில் சொன்னேன்.

"அதுக்கு ரொம்பப் பசிக்கா," என்றாள். "எத போட்டாலும் தின்னும்."

"கம்ப்யூட்டருக்கு மூளை ஜாஸ்தின்றாங்க?"

"மூளை இருக்கு. கொஞ்ச தூரம் வரிக்கும் நல்லா எண்ணும். கிட்டக்க போயி சண்ட போட்டா நம்மள உரிச்சிடும். ஆனா அந்த தூரத்துக்கு அந்தாண்ட இருக்குறது அதுக்கு ஒண்ணுமே தெரியாது. நடுவுல சிப்பாயெல்லாம் வெச்சு அடைச்சிட்டு, பின்னாடி மெதுவா ஆளு சேத்துக்கினே இருந்தா, நம்ம இன்னா பண்றோம்னே அதுக்கு புரியாது. யானைய இப்டி ஒரு கட்டம் அப்டி ஒரு கட்டம் நடக்க வுட்டுக்கினு இருக்கும்."

பார்த்தேன். உண்மைதான். சம்பளத்தோடு வீட்டில் உட்கார வைத்த நாளில் வரதன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பதைப் போல, ஒரு கறுப்பு யானை வேலையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் ஓரத்து எண் வேறு, மெஷின்தான் ஜெயிக்கிறது என்று பெருமை பீற்றிக்கொண்டிருந்தது. குதிரை தின்ற கணக்கு. ஆரிபாவின் ஓரத்துச் சிப்பாய் ஒரு படி, இன்னொரு படி என்று ஏறியது. பாதை திறந்தது. யானை, பின்னால் ராணி. அப்போதுதான் அந்த எண்ணுக்குப் பயம் வந்து தலைகீழாக விழுந்தது. போலீஸ் கதவைத் தட்டியதும் கையில் கிடைத்ததையெல்லாம் ஜன்னல் வழியாக எறிகிறவன் மாதிரி, மெஷின் தன் காய்களைக் கண்ட இடத்தில் எறிய ஆரம்பித்தது. நாலு மூவில் ராஜா செத்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. உள்ளே வரதன் தூங்கிக்கொண்டிருந்ததால் தட்டவில்லை.

அதற்கப்புறம் வந்த மாசங்களில் ஷாகிரின் மெயில் மெலிந்துகொண்டே போனது. முதலில் இறால் போனது. பிறகு 'உம்மாவைப் பார்த்துக்கோ' போனது. கடைசியில் ஒரு எழுத்து, ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் தவறாமல் வந்தது. முன்பெல்லாம் சில நாள் தள்ளிப்போகும். 'ராத்திரி பூரா யோசிச்சேன்' என்று வரும். இப்போது சுவிட்ச் போட்டால் லைட் எரிகிற மாதிரி மறுநாளே வந்துவிடும். எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதை வரதனிடம் சொன்னேன்.

"அந்த ஊர்ல அவருக்கு எவளோ ஒருத்தி கீறா. நான் சொல்றேன் பாரு."

வரதன் நாஷ்டா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யம்மா தாயே. பன்னெண்டு மணி நேரம் டூட்டி பாத்துட்டு ரூமுக்குப் போறவனுக்குப் படுக்கத் தோணுமா, எவளயாவது தேடத் தோணுமா? என்னையே பாரு. நான் ஊட்டுல இருக்கும்போதுகூட உங்கையில பேசுறேனா?"

இதில் எனக்கு ஆறுதல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஆரிபாவின் மாமியார் நஜ்மாவே சென்டருக்கு வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டு, மூச்சு வாங்க உள்ளே வந்து, மருமகள் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஆரிபாவுக்குத் தெரியவில்லை. நான் இருமினேன். அப்படியும் தெரியவில்லை.

"இன்னா ஜானகி, எங்கூட்டுப் பொண்ணு தெனம் வந்து அப்டி இன்னாத்த பாக்குது?" என்று என்னைக் கேட்டார், குனிந்து திரையைப் பார்த்தபடியே.

"மாப்பிள்ள அனுப்புற மெயிலு மாமி," என்றேன். அவரை நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

"இதுவா மெயிலு? பஸ் நம்பர் மாதிரி கீது!"

ஆரிபா திடுக்கிட்டு எழுந்தாள். நஜ்மா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மறைக்கிறதில் அர்த்தமில்லை என்று தெரிந்து ஆரிபா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு பிரளயத்தை எதிர்பார்த்து நான் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினேன். நஜ்மா திரையில் இருந்த காய்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல எம் புள்ள எது?"

"கறுப்பு, மாமி."

"ஜெயிக்கிறது யாரு?"

"இப்போதிக்கு... நான்தான்."

"ரொம்ப அடிக்காத," என்றார் நஜ்மா. "அவன் சின்னதுலயே தோத்தா சாப்பிட மாட்டான்." போகும்போது வாசலில் நின்று என்னிடம், "போன்ல எங்கையிலயும் ஒண்ணும் பேசுறதில்ல ஜானகி. சுகமான்றான், சுகம்ன்றேன். அதுக்கு இந்த பஸ் நம்பரே மேலு," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் எதிர்பார்த்துக் கிட்டே இழுத்த நாற்காலி வீண்.

அந்த வாரத்தில்தான் ஆரிபா மெயிலைத் திறந்து, மூவைப் பார்த்து, அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி போய் அடுத்த அரை மணி ஆரம்பித்தும் அப்படியே இருந்தாள். அழுகிறாளோ என்று பக்கத்துக் கம்ப்யூட்டரைத் துடைக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். அழவில்லை.

"குதிரைய தின்னுட்டாங்கக்கா," என்றாள்.

"நல்லதுதானே? உனுக்குப் பாதை தொறந்துச்சே?"

"அவுங்க தின்ன மாட்டாங்க."

எனக்கு உடனே புரியவில்லை. பழகப் பழக மனுஷன் மாறியிருக்கலாம், அந்த ஊர் வெயிலில் சந்தேகம் காய்ந்துபோயிருக்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நாலு நாளைக்கி முன்னாடி யானைய ஒரு கட்டம் நகத்துனாங்க. அடுத்த நாளு அதே யானைய பழைய எடத்துக்கே கொண்டாந்து வெச்சாங்க. ஒரு நாளைக்கி ஒரு மூவ்தான்க்கா நமக்கு. ஒரு நாளு பூரா காத்துக்கினு இருந்து பாக்குறது. அத போயி சும்மா நடக்க வுடுவாங்களா யாராவது?"

பிறகு அவள் செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். குதிரை போவதற்கு முன்னால் மெயில் ஆட்டம் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில் காய்களை எங்கள் கம்ப்யூட்டரின் செஸ் விளையாட்டில் அடுக்கினாள். அந்தக் காந்தப் போர்டை ஷாகிர் அபுதாபிக்கே எடுத்துப் போய்விட்டிருந்தார், இவளுக்கு எல்லாம் மனப்பாடம். தன் குதிரையைச் சிப்பாய் வாயில் வைத்தாள். மெஷின் தின்றது. அது ஒன்றும் பெரிய சாட்சி இல்லை. முந்தின மூவுக்குப் போனாள். அந்த யானை ஒரு கட்டம் நகர்ந்தது. அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. ஷாகிர் அபுதாபியிலிருந்து அனுப்பியவற்றை எங்கள் சென்டர் மெஷின் ஒவ்வொன்றாக, ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆடிக் காட்டியது. இந்த ஒரே விளையாட்டைத்தான் உலகத்தில் எல்லா கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. 'இறால் உன் கை மாதிரி இல்லை' என்று எழுதிய நாள் வரைக்கும் பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கே மட்டும் மெஷின் வேறு ஒன்றை ஆடியது. அங்கே நிறுத்திக்கொண்டாள்.

நான் துடைத்த கம்ப்யூட்டரையே மறுபடியும் துடைத்தேன். இன்னொரு பெண் என்றால்கூட எனக்குச் சொல்லத் தெரிந்திருக்கும். நாலு வார்த்தை திட்டி, மூக்கைச் சிந்தி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். இது எந்த வகையில் சேர்த்தி? அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. தினமும் மறக்காமல் மெயிலைத் திறந்து, இவள் அனுப்பியதை மெஷினில் போட்டு, அது துப்பியதை எடுத்து அனுப்பியிருக்கிறார். அலுப்பில் செய்தாரா, இவள் காத்திருப்பாளே என்று செய்தாரா? இரண்டும் ஒரே மாதிரிதான் வெளியே தெரியும். இத்தனை மாசமாக ஆரிபா ஊட்டி ஊட்டிப் பேசியது ஆள் இல்லாத நாற்காலியோடு. சென்டரிலும் மெஷின், கடலுக்கு அந்தப் பக்கத்திலும் மெஷின். நடுவில் இவள் ஒருத்திதான் மனுஷி.

"போன்ல கேட்டுடேன்," என்றேன்.

"ஹால்ல வெச்சா?"

நான் துணியை மடித்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன்.

அடுத்த சில நாள் ஆரிபா வெறியோடு ஆடினாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு யானையையும் போட்டாள். அபுதாபி அதையும் தின்றது. இங்கே எங்கள் கம்ப்யூட்டரின் எண் கறுப்புக்கு ஆஹா ஓஹோ என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நாலைந்து மாசம் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே தெரிந்தது, கறுப்பு ராஜா தன் காய்களுக்கு நடுவிலேயே மூச்சுவிட இடமில்லாமல் முழித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை வந்தபோது ஆரிபா, "மூணு மூவ்ல முடிஞ்சிடும்க்கா," என்றாள். "அதுக்கு இன்னும் தெரியல."

"முடி அப்போ! கொட்டு! தோத்துட்டோமேன்னு ஆளு எழுந்து வருவாரு பாரு."

"யாரு வருவாங்க? மெஷின் தோத்தா அவுங்களுக்கு இன்னா? 'குட் கேம்'னு ஒண்ணு வரும். அப்புறம் அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கணும். இல்ல, ஆரம்பிக்கவும் மாட்டாங்க." விரலால் மவுசைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "மெஷின ஜெயிச்சு வெச்சுக்கினு நான் இன்னா பண்றதுக்கா?"

பிறகு அவள் மூவை அடித்தாள். அடித்ததை நான் தடுப்புக்கு மேலே எட்டி வாசித்தேன். நான் நினைத்த மூவ் இல்லை. அந்த மூன்று மூவில் முதல் மூவும் இல்லை. போர்டில் தேடிப் பார்த்தேன். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டிய ராணியைக் கொண்டுபோய், சம்பந்தமே இல்லாத பக்கத்தில், ஒரு அற்பக் கறுப்புச் சிப்பாய் எட்டித் தொடும் கட்டத்தில் நிறுத்தியிருந்தாள். பின்னால் யானை இல்லை, பிஷப் இல்லை, ஒரு தந்திரமும் இல்லை. சும்மா.

"அய்யய்யோ, தப்பா அடிச்சிட்டடி! ராணி போச்சு!"

"தெரியும்," என்று அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். முகத்திரையை இறக்கிக்கொண்டு எழுந்தாள். "மெஷினா இருந்தா தின்னுடும்க்கா. யோசிக்கவே யோசிக்காது. அவுங்க பாத்தாங்கன்னா, இவ சும்மா குடுக்குற ஆளு இல்லையேன்னு தோணும்ல? எதுக்கு குடுத்தான்னு ஒரு தடவ போர்ட திரும்பிப் பாப்பாங்கல்ல?"

"பாத்துட்டு?"

"பாத்தா போதும்."

ஜெயித்த ஆட்டத்தை இப்படி வாரிக் கொட்டியவளை நான் வாசல் வரை போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவைத் தாண்டும்போது ஒரு டிவிஎஸ் பிப்டிக்காரன் ஹாரன் அடித்து அடித்து அலுத்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவளுக்கு முன்னால் எனக்குத்தான் அவசரம். அவள் வந்து பாஸ்வேர்டு அடிப்பதற்குள் என் கழுத்து தடுப்புக்கு மேலே இருந்தது. மெயில் இல்லை. சனிக்கிழமை இல்லை. ஞாயிறு இல்லை. இத்தனை மாசத்தில் இப்படி ஆனதில்லை. எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் அடுக்கினேன். சர்வர் டவுன் ஆகியிருக்கும். கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பூட்டியிருப்பார்கள். காய்ச்சலாக இருக்கும். ரூம் மாறியிருப்பார். இன்னொரு காரணமும் என் நாக்கு நுனிவரை வந்தது, கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

ஆரிபா எதையும் காதில் வாங்கவில்லை. காலியாக இருக்கும் மெயில் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இல்லாத பதிலைப் பார்த்துச் சந்தோஷப்படும் பெண்ணை என்னவென்று தெருவில் சொல்வது? யாராவது கேட்டால்கூட என்னால் விளக்கியிருக்க முடியாது.

"இன்னும் வரல," என்றாள் திங்கட்கிழமை, பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்கிற மாதிரி.

"வெள்ளிக்கெழம போன் வந்துச்சா?" எப்போது கேட்கலாம் என்று மூன்று நாளாக வைத்திருந்த கேள்வி.

"வந்துச்சு. எல்லாரும் பேசுனாங்க. எங்கையில குடுத்தாங்க. சுகமான்னாங்க. சுகம்ன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பேசல. வெக்கவும் இல்ல. மூச்சு வுடுறது மட்டும் கேட்டுச்சு. நானும் பேசல. மாமி, 'இன்னா லைன் போச்சா'ன்னு கேட்டாங்க. இல்ல மாமி, பேசிக்கினு இருக்கோம்னேன். கார்டு தீர்ற வரிக்கும் அப்டியேதான் இருந்தோம்."

பேசாமல் இருப்பதற்கும் கார்டு வாங்கித் தேய்க்கிறார்கள் பாருங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, டீ சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். போர்டைத் திரையில் விரித்து வைத்தாள். கம்ப்யூட்டர் ஆடாதபடி, இரண்டு பக்கமும் மனுஷர்களே ஆடுகிற மாதிரி மாற்றி வைத்தாள். அரை மணி முடியும் வரைக்கும் எதையும் நகர்த்தாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, "இத மூடாதீங்கக்கா, அப்டியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் தேர்வாய் கண்டிகை பக்கத்திலிருந்து ஒருவர் பயோடேட்டா அடிக்க வந்தார். மற்ற மூன்றிலும் ஆள் இருந்தது. மூலைக் கம்ப்யூட்டரைக் காட்டி, "அது காலியாத்தானே இருக்கு?" என்றார்.

"இல்லிங்க. ஆளு இருக்காங்க," என்றேன்.

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கும்மிடிப்பூண்டி ரயில் போகிற அதிர்வில் ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது. உள்ளே அறையில் வரதன் புரண்டு படுத்தார். திரையில், அந்தக் கறுப்புச் சிப்பாய் எட்டித் தொடும் தூரத்தில், யாரும் தொடாமல் நின்றுகொண்டிருந்தது வெள்ளை ராணி.